பழைய டீசல் காரும் அதன் நியாய விலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுவதும் சமயம் பேசுவதும் வழக்கம். கூட்ஸ் ஆபீசில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் எங்களுக்கு அவற்றில் புலமை இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆயினும் செயலாளர் அவர்கள், "காலனிக் குடும்பங்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லுங்கள், போதும்" என்று வற்புறுத்தினார்கள். ஆகவே, பணத்தை இழந்து நாங்கள் கற்ற ஒரு பாடத்தை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம். பழைய டீசல் கார் ஒன்றுக்கு விற்பவர் கேட்கும் விலை தகுமா, தகாதா என்று அறிவது எப்படி என்பதே அப்பாடம்.

முதலில் எங்கள் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். 2021ஆம் ஆண்டில் சேமநிதியிலிருந்து இரண்டு லட்ச ரூபாய் எடுத்திருந்தோம். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று எடுத்த பணம் அது. அச்சமயம் தில்லியில் ஒரு தரகர் மூலம் 2011ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்று வந்தது. கேட்ட விலை 2,10,000 ரூபாய். அதே ஆண்டு வண்டி இங்கே நாக்பூரில் 2,60,000 வரை விலை போயிற்று. ஐம்பதினாயிரம் மிச்சம் என்று மனம் குதித்தது. சொந்தக் காரில் ஒருமுறையேனும் ஊருக்குப் போய் இறங்க வேண்டும் என்ற ஆசை வேறு கண்ணை மறைத்தது. 1,95,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டோம்.

அதன் பின் வந்த செலவை எங்கள் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தாள். வேற்று மாநில வண்டியை இங்கே மறுபதிவு செய்யவும் சாலை வரி கட்டவும் 38,000, இஞ்செக்டர், பம்பு வேலைக்கு 46,000, கிளட்சுக்கு 34,000, நான்கு டயருக்கு 18,000, பேட்டரிக்கு 5,500. ஆக 1,41,500 ரூபாய். வாங்கிய விலையோடு கூட்டினால் 3,36,500. நாக்பூரில் 2,60,000க்குக் கிடைத்திருக்கக்கூடிய வண்டி அது! அவ்வாண்டு மகளின் விடுதிக் கட்டணத்துக்கு இச்சங்கத்து அன்பர் ஒருவரிடம் கைமாற்று வாங்கினோம். அவர் இக்கூட்டத்தில்தான் அமர்ந்திருக்கிறார். அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கொடுத்ததை நாங்கள் மறக்கவில்லை.

நிற்க. தில்லி வண்டி ஏன் மலிவாக வந்தது என்பதை வாங்கிய பின்னரே விசாரித்தோம். தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே பத்து வயது நெருங்கிய டீசல் கார்கள் அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்கு வரத் தொடங்கின. 2025ஆம் ஆண்டிலும் இது குறித்து உச்ச நீதிமன்றம் புதிய ஆணைகள் பிறப்பித்திருக்கிறது. எனவே, வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விதி எது என்று கேட்டறிவது அவசியம். ஒரு பொருள் மலிவாக வந்தால் அம்மலிவுக்கு ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தின் பாரத்தை இனி யார் சுமப்பது என்பதே கேள்வி. நாங்கள் அதைக் கேட்காமற் போனோம். ஆகவே நாங்களே சுமந்தோம்.

இனி, கேட்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறோம்.

முதற் கேள்வி வண்டியைப் பற்றியதன்று, நம்மைப் பற்றியது. நமக்கு டீசல் கார் தேவையா?

2012ஆம் ஆண்டு மே மாதத்தில் தில்லியில் பெட்ரோல் லிட்டர் சுமார் 73 ரூபாய், டீசல் சுமார் 41 ரூபாய். முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்ததனால் மக்கள் டீசல் காரை நாடி ஓடினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கிற்று. 2024ஆம் ஆண்டில் தில்லியில் வித்தியாசம் ஏழு ரூபாய் அளவே. மகாராட்டிரத்தில் அதனினும் அதிகம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடெங்கும் வந்தபோது மாருதி சுசுகி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகவே சிறிய டீசல் கார்கள் இப்பொழுது பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தையிலேயே அகப்படுகின்றன.

கணக்கைப் பாருங்கள். பெட்ரோல் 104 ரூபாய், கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 50 பைசா. டீசல் 91 ரூபாய், லிட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று கொண்டால் 4 ரூபாய் 55 பைசா. மிச்சம் 1 ரூபாய் 95 பைசா. மாதம் 350 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மாதத்தில் 682 ரூபாய், ஆண்டுக்கு 8,190 ரூபாய் மிஞ்சும். ஒரு முறை இஞ்செக்டர் பழுதானால் பல ஆண்டு மிச்சம் ஒரே நாளில் போய்விடும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கோ ஆண்டுக்கு 35,100 ரூபாய் மிஞ்சும். அவருக்கு டீசல் தகும், முன்னவருக்குத் தகாது.

இதில் இன்னொன்றும் உண்டு. 2020க்குப் பின் வந்த டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சற்று நேரம் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து நீங்கும். காலனியிலிருந்து காய்கறிச் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டுமே போய்வந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதை மாற்றும் செலவு மிகப் பெரிது.

இரண்டாவது கேள்வி: வண்டி உண்மையில் எவ்வளவு ஓடியிருக்கிறது?

சரக்கு ரசீதில், உள்ளே இருப்பதை இரயில்வே எண்ணிப் பார்க்காவிடில், 'இருப்பதாகச் சொல்லப்படுவது' என்று குறிப்பு எழுதுவோம். அனுப்புகிறவர் சொன்னார், நாங்கள் பார்க்கவில்லை என்று அதற்குப் பொருள். காரின் கிலோமீட்டர் மீட்டரையும் அவ்வாறே கொள்ள வேண்டும். எங்கள் வண்டியின் மீட்டர் 62,000 என்று காட்டிற்று. பத்து ஆண்டில் 62,000 என்றால் மாதம் 500 கிலோமீட்டர். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிற மனிதர் கூடுதல் விலை கொடுத்து டீசல் கார் ஏன் வாங்கினார்? இந்த ஒரு கேள்வி அன்று எங்கள் புத்தியில் தோன்றியிருந்தால் போதும். பின்னர் சர்வீஸ் பதிவேட்டைத் தேடிப் பிடித்தபோது, மூன்று ஆண்டுக்கு முன்பே 1,18,000 ஓடியதாக அதில் எழுதியிருந்தது.

மீட்டர் பொய் சொல்லலாம். தேய்மானம் பொய் சொல்லாது. கிளட்சு, பிரேக் மிதிகளின் இரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஸ்டீயரிங் பளபளக்கிறதா, ஓட்டுநர் ஆசனம் ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம். பின் இரண்டு இலக்கம் ஆண்டு. 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். வண்டியின் வயதையும் மீட்டரையும் டயரின் தேதியையும் ஒப்பிட்டால் பல உண்மைகள் வெளிவரும்.

மூன்றாவது, யந்திரத்தின் சுகம். இதை எங்களுக்குக் கற்பித்தவர் நம் காலனி அண்ணாச்சி ஒருவர். இடார்சி டீசல் ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, இஞ்சினைப் பார்க்கப் போனால் விற்கிறவர் வாயைப் பார்க்காதீர்கள், புகையைப் பாருங்கள்" என்பார்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை மிக அழுத்திச் சூடாக்கி, அச்சூட்டில் எண்ணெய்யைப் பீய்ச்சி எரிப்பதே அதன் முறை. அழுத்தம் குறைந்தால், குளிர்ந்த இஞ்சின் எளிதில் கிளம்பாது. ஆகவே காலை வேளையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்க்க வேண்டும். போனவுடன் பானெட்டைக் கையால் தொடுங்கள். சூடாயிருந்தால் விற்பவர் முன்னதாகவே கிளப்பி வைத்திருக்கிறார் என்று பொருள். "நாளை வருகிறோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குளிர்காலத்தில் கிளப்பியவுடன் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் குற்றமில்லை. சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையெனில் எண்ணெய் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது. நீலப் புகை, இஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். மிதிக்கும்போதெல்லாம் கரும்புகை கக்கினால் இஞ்செக்டரிலோ, டர்போவிலோ, காற்று வழியிலோ கோளாறு.

இஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைப் பக்குவமாகத் திறந்து பாருங்கள். இலேசாக ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று அழுத்தமாக வெளிவந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. டீசல் இஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது குற்றமன்று. அதைக் கண்டு பலர் வீணே அஞ்சுகிறார்கள். ஆனால் மோரைப் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அவ்வண்டியை விட்டு விலகுங்கள். பிறகு ஓட்டிப் பாருங்கள். நான்காம் கியரில் மெதுவாகச் செல்லும்போது சட்டென்று அழுத்தினால், சத்தம் ஏறி வேகம் ஏறாவிடில் கிளட்சு வழுக்குகிறது.

வெள்ளத்தில் நின்ற வண்டியையும் இனங்காண வேண்டும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்தில் எண்ணற்ற கார்கள் மூழ்கியதை நாம் அனைவரும் அறிவோம். அத்தகைய வண்டிகள் துடைத்து மெருகேற்றப்பட்டு விற்பனைக்கு வருவதுண்டு. தரை விரிப்பைத் தூக்கி வண்டலும், ஆசனத்தின் அடித்தண்டவாளத்தில் துருவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூக்கையும் சற்றுப் பயன்படுத்துங்கள்.

நான்காவது, தஸ்தாவேஜுகள். பதிவுச் சான்றிலுள்ள இஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாங்கிக் கடன் இருந்தால் அது தீர்ந்த சான்றும் 35ஆம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வேற்று மாநில வண்டியாயின் 28ஆம் எண் படிவத்தின் மேல் தடையின்மைச் சான்று. கட்டாத அபராதம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேற்று மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி.

விற்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்துவிட்டோம், பணத்தை வாங்கிவிட்டோம் என்று சும்மா இருந்துவிடலாகாது.

நமக்கே உரிய ஒரு கவனமும் வேண்டும். தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்கு நிற்கும். ஆனால் நாம் மாற்றல் உத்தரவுக்கு உட்பட்டவர்கள். நாளை தில்லிக்கு மாற்றலானால் வயதான டீசல் கார் அங்கே பயன்படுமா என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, விலை. கேட்கும் விலையிலிருந்து பேரம் தொடங்குவது எங்கள் பழைய தவறு. 2,10,000 கேட்டவர் 1,95,000க்கு இறங்கியவுடன் வென்றுவிட்டதாக மகிழ்ந்தோம். கேட்கும் விலை விற்பவரின் ஆசை மட்டுமே. அதே ஊரில், அதே ஆண்டில், ஏறக்குறைய அதே ஓட்டமுள்ள நான்கைந்து வண்டிகள் என்ன விலை போகின்றன என்று அறிந்து, நடுவிலுள்ள விலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் பத்திரத்தில் எழுதியுள்ள மதிப்பு ஐந்து ஆண்டு வரையில் ஓரளவு வழிகாட்டும். நான்கிலிருந்து ஐந்து ஆண்டு வண்டிக்கு விலையில் 50 சதவீதம் கழிப்பது அவர்கள் வைத்திருந்த அட்டவணை. அதற்கு மேற்பட்ட வயதுக்கு இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட மதிப்பேயாதலால் அதை முழுதும் நம்பலாகாது. பிறகு, வண்டிக்கு உடனே செய்ய வேண்டிய செலவுகளுக்கு ஜாபிதா போட்டுக் கழியுங்கள். ஆனால் நியாயமும் வேண்டும். ஏழு வயது வண்டியில் டயர் பாதி தேய்ந்திருப்பது இயற்கை. சந்தை விலையே அதைக் கணக்கில் கொண்டதுதான். அதற்குமேல் உள்ள தேய்வையே கழிக்க வேண்டும்.

இம்முறையைச் சோதிக்க 2024ஆம் ஆண்டில் ஒரு வாய்ப்பு வந்தது. காலனி அன்பர் ஒருவர் 2017ஆம் ஆண்டு டீசல் கார் ஒன்றைப் பார்க்க எங்களையும் அண்ணாச்சியையும் அழைத்துச் சென்றார். ஒரே உடைமையாளர், இவ்வூர்ப் பதிவு, 88,000 கிலோமீட்டர், சர்வீஸ் பதிவுகள் முழுமையாக இருந்தன. கேட்ட விலை 4,75,000. ஊர் நடுவிலை 4,50,000 என்று விசாரித்து வைத்திருந்தோம். டயர் 20,000, கிளட்சு 22,000, இன்சூரன்ஸ் 14,000, அடிப்பாக வேலை 9,000, ஆக 65,000. இயற்கைத் தேய்வுக்கு 20,000 விட்டுக்கொடுத்து 45,000 கழித்தோம். நியாய விலை 4,05,000 என்று வந்தது. ஜாபிதாவை விற்பவரிடமே காட்டினோம். அவரும் நேர்மையானவர். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு 4,15,000க்கு இசைந்தார்.

அப்பொழுது அண்ணாச்சி எங்கள் அன்பரைப் பார்த்து, "எல்லாம் சரி, தம்பி. நீங்கள் மாதத்துக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள்?" என்று கேட்டார். 350 கிலோமீட்டர் என்றார் அவர். அதே ஆண்டுப் பெட்ரோல் கார் நான்கு லட்சத்துக்குக் கிடைத்தது. அன்பர் ஒரு நாள் யோசித்துப் பெட்ரோல் காரையே வாங்கினார். அந்த டீசல் காரை, அதே 4,15,000க்கு, புட்டிபோரி ஆலைக்கு நாள்தோறும் போய்வர 60 கிலோமீட்டர் செல்லும் நம் சங்கத்தின் இன்னோர் அங்கத்தினர் வாங்கினார். மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். ஒரே வண்டி, ஒரே விலை. ஒருவருக்கு அது நஷ்டம், மற்றொருவருக்கு இலாபம்.

முடிவாக ஒன்று சொல்லி அமர்கிறோம். அதே ஆண்டில் எங்கள் காரையும் விற்க நேர்ந்தது. தரகர் 1,60,000 வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: மீட்டரைப் பற்றி நாங்கள் வாய் திறக்கக்கூடாது. உண்மையைச் சொன்னால் 30,000 குறையும் என்றார். எங்களுக்கு அந்த முப்பதினாயிரம் சிறு தொகையன்று. ஓரிரவு முழுவதும் வீட்டில் பேசினோம். "எவரோ வாய் திறக்காததனால்தானே நம் வீட்டுப் பெண் கடன் பணத்தில் விடுதிக்குப் போனாள்? இன்னொரு வீட்டுக்கு அது நேர வேண்டாம்" என்றாள் வீட்டு எஜமானி. அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை. மகள் எழுதிய நோட்டுப் புத்தகத்தைச் சாவியோடு சேர்த்து, வாங்க வந்தவர் கையில் கொடுத்தோம். அதில் வண்டியின் உண்மை ஓட்டமும், மாற்றிய பொருள்களும், இன்னும் மாற்ற வேண்டியவையும், 2026இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் எழுதியிருந்தன. அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். 1,30,000 கொடுத்து வாங்கிச் சென்றார். ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசவில்லை.

அன்பர்களே! நம் காலனியில் மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் ஒரு வீட்டின் கட்டிலும் பீரோவும் காரும் அடுத்த வீட்டுக்கு விலையாகின்றன. இன்று விற்பவர் நாளை வேறோர் ஊரில் வாங்குபவர். சொந்த ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து வாழும் நாம், ஒருவரை ஒருவர் நம்பியே வாழ வேண்டியிருக்கிறது. ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கார் வாங்கப் போகும் அங்கத்தினருடன் விஷயமறிந்த இருவர் துணை செல்வதென்றும், நமக்குள் விற்கும்போது வண்டியின் குறைகளை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதென்றும் ஒரு வழக்கத்தை இவ்வாண்டு முதல் ஏற்படுத்திக்கொள்வோம். இதற்குச் சந்தா இல்லை, கட்டிட நிதி இல்லை. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.